டர்போவா, டர்போ இல்லாமலா: பாம்பனில் இரண்டு விசைப்படகுகளில் செய்து பார்த்தது

ஒரே சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், இரண்டு விசைப்படகுகள். இரண்டிலும் ஆறு சிலிண்டர் லேலண்ட் 400 இன்ஜின், அதே 3:1 கியர்பாக்ஸ், அதே 34 அங்குல விட்டம் 28 அங்குல பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம்) புரொப்பல்லர். போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒன்றுக்கு டர்போ (வெளியேறும் புகையால் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கும் கருவி) போட்டோம், இன்னொன்றுக்கு டர்போ இல்லாமலே எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு வேலை பார்த்தோம். இரண்டும் கடலுக்குப் போய் ஒரு சீசன் மடி (கடல் தரையில் இழுக்கும் வலை) இழுத்து முடித்துவிட்டதால் கணக்கைத் திறந்து வைக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

இந்த இன்ஜின் பழைய ஆள்தான். 400 என்பது கன அங்குலக் கணக்கு, நம்ம கணக்கில் ஏறத்தாழ 6.5 லிட்டர். நல்ல நிலையில் இருந்தால் 1,800 ஆர்பிஎம்மில் 100 குதிரைத்திறன் பக்கம் கொடுக்கும். சம்மாட்டிக்கு அது போதவில்லை. வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) எல்லாப் படகும் ஒரே நாளில் போய் ஒரே காலையில் திரும்புகிறது, முதலில் கரையேறுகிற இறாலுக்குத்தான் விலை. பக்கத்துப் படகு முந்திப் போவதைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். "தம்பி, இதுக்கு ஒரு டர்போவ மாட்டிவுடு, 150 வந்துரும்ல?" என்று கேட்டார். வரும் அண்ணே, ஆனா எவ்வளவு நாளைக்கு வரும்னு தெரியணும் என்றேன். கடைசியில் ஒன்றில் டர்போ, ஒன்றில் இல்லாமல், பார்த்துவிடுவோம் என்று முடிவானது. பெரிய இன்ஜின் போடும் பேச்சும் வந்தது. விதிப்படி விசைப்படகில் 240 குதிரைத்திறன் வரை போகலாம். ஆனால் லேலண்ட் 680 மாதிரி 11 லிட்டர் இன்ஜினை இறக்க வேண்டுமானால் இன்ஜின் பெட், ஷாஃப்ட், கியர்பாக்ஸ் எல்லாமே மாற வேண்டும், எடையும் பின்பக்கம் ஏறும். அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அந்த 61 நாளுக்குள் இரண்டு படகும் முடிய வேண்டும், அந்த நேரத்தில்தான் மண்டபம் பக்கம் எல்லா லேத்திலும் வரிசை நிற்கும். அதனால் அடிப்படை ரிப்பேரை இரண்டுக்கும் ஒரே மாதிரி முதலில் முடித்தோம்: லைனர் (சிலிண்டரின் உள்உறை), பிஸ்டன், ரிங், ஹெட்டில் வால்வு சீட் கிரைண்டிங், டீசல் பீய்ச்சும் ஆறு புது நாசில், டீசல் பம்ப் காலிபரேஷன். இந்தச் செலவு இரண்டுக்கும் பொது, கீழே சொல்லும் கணக்கில் சேர்க்கவில்லை. லைனரின் மேல் முனையில் நகத்தால் தடவினால் ஒரு படி தட்டும், ரிங் திரும்பும் இடம் அது. நகம் மாட்டிக்கொள்கிற அளவு படி இருந்தால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. இரண்டு படகிலும் மாட்டியது.

முதலில் டர்போ படகு. மதுரை காயலான் கடையில் ஒரு லாரி டர்போ 14,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் லேசாக ஆடியது, அதனால் நடுவில் இருக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் புதிதாக 9,500க்கு மாற்றினோம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகை வந்து சேரும் குழாய்) டர்போ ஃபிளேஞ்சுக்கு ஏற்ப 10 மில்லி இரும்புத் தகட்டில் வெட்டி வெல்டிங் அடித்தது 11,000. ஆயில் வரும் குழாய் சின்னது போதும், அதில் பிரஷர் இருக்கிறது. திரும்பிப் போகிற குழாய்தான் முக்கியம். அதில் பிரஷர் கிடையாது, ஆயில் நுரையாக இறங்கும், தன் எடையால் மட்டும்தான் சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, போகும். 12 மில்லி குழாய் போட்டுப் பார்த்ததில் அரை மணியில் டர்போவின் கம்ப்ரஸர் பக்கம் (காற்றை அமுக்கும் பக்கம்) ஆயில் கசிந்து ஏர் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள் போனது. 20 மில்லி குழாயை, எங்கேயும் வளைந்து தேங்காமல் நேராகச் சாய்த்து, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே கொண்டு இணைத்த பிறகு கசிவு நின்றது.

டர்போ சும்மா காற்றை அமுக்கித் தருகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 0.5 பார் பூஸ்ட்டில் (டர்போ கூட்டித் தரும் அழுத்தம்) காற்று கூடுவது பாதியளவு என்று தோன்றும். ஆனால் அமுக்கினால் காற்று சூடாகும். 32 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறத்தாழ 90 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்றில் எடை குறைவு, அதனால் சிலிண்டருக்குள் போகும் காற்று நிஜத்தில் கால் பங்கு மட்டுமே கூடுகிறது. அதே காற்றைக் கடல்நீரில் 45 டிகிரிக்குக் குளிரவைத்தால் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடும். இதெல்லாம் தெரிந்தும், அப்படிக் குளிரவைக்கும் ஆஃப்டர்கூலர் இல்லாமல்தான் முதலில் ஓட்டினோம், ஏனென்றால் செப்பு-நிக்கல் குழாய் போட்ட கூலர் விலை கேட்டதும் சம்மாட்டி முகம் மாறிவிட்டது.

முதல் ஓட்டம் பிரமாதம். மடி போடாமல், காலிப் படகு, ஜிபிஎஸ்ஸில் 8.8 நாட் (மணிக்கு 8.8 கடல் மைல்). முன்பு முக்கி முக்கி 8 தான் போகும். கூட வந்த பையன்கள் கத்திக் கொண்டாடினார்கள். இதில் மயங்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் படகின் நீர்மட்ட நீளம் 46 அடி, அந்த நீளத்துக்கு 9 நாட் வாக்கில் அலை எழும்பி முட்டும், அதற்கு மேல் எத்தனை குதிரையைச் சேர்த்தாலும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தள்ளுமே தவிர வேகம் வராது. எட்டிலிருந்து 8.8க்கு வரவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பவர் போய்விட்டது, ஏனென்றால் புரொப்பல்லர் தின்னும் பவர் ஆர்பிஎம்மின் கனத்தில் (ஆர்பிஎம் × ஆர்பிஎம் × ஆர்பிஎம்) ஏறும்.

கஷ்டம் மடி இறங்கியதும் ஆரம்பித்தது. மடியின் வாயை விரிக்கும் பலகை இரண்டும் விரிந்து மடி தரையைப் பிடித்ததும் இன்ஜின் 1,450க்கு இறங்கிவிடும். அந்த ஆர்பிஎம்மில் இந்த லாரி டர்போ சரியாகச் சுற்றுவதில்லை, பூஸ்ட் மீட்டர் 0.2 காட்டும். ஆனால் பம்ப்பைக் கூடுதல் டீசலுக்குத் திருப்பி வைத்திருக்கிறோம். பூஸ்ட்டைப் பார்த்து டீசலைக் கூட்டிக் குறைக்கும் டயாப்ரம் இந்தப் பழைய பம்ப்பில் இல்லை. காற்று இல்லை, டீசல் இருக்கிறது. கரும்புகை. மேனிஃபோல்டில் புகையின் சூட்டை அளக்க வைத்த தெர்மோகப்பிள் 720 டிகிரி காட்டியது. தொடர்ந்து ஓடும் இன்ஜினில் 650ஐத் தாண்ட விடக் கூடாது என்பது என் கணக்கு. லாரிக்கு மேட்டில் நாலு நிமிடம் 720 வந்தால் பரவாயில்லை, அப்புறம் இறக்கம் வந்துவிடும். மடி இழுக்கிற படகுக்கு மணிக்கணக்கில் மேடுதான்.

அந்தப் புகைச் சூட்டு மீட்டரையும் தெர்மோகப்பிளையும் சேர்த்து 2,800 ரூபாய். டர்போ போடுகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது. தண்ணீர் சூட்டு மீட்டர் 82இல் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே ஓட்டியிருப்போம்.

ஒரு நாள் கரைக்கு வந்ததும் சந்தேகத்தில் மூன்றாவது நாசிலைக் கழற்றிப் பார்த்தேன். மூக்கு நுனியில், கரிப் படிவத்துக்கு நடுவே, ஊசிமுனை அளவில் வெள்ளிப் புள்ளிகள். துணியால் துடைத்தால் போகவில்லை, நகத்தால் சுரண்டினால் பளபளவென்று உதிர்ந்தது. பிஸ்டன் தலையிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம் அது. தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வரும் இன்ஜினில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிரவைக்கும் ஜெட் இருக்கும், கம்ப்ரஷனும் கொஞ்சம் குறைத்திருப்பார்கள், ஹெட் போல்ட்டும் அதற்கேற்ப இருக்கும். இதில் அதெல்லாம் கிடையாது. டர்போவை மாட்டலாம், டர்போ இன்ஜின் ஆகாது.

ஹெட்டைத் திறந்தோம். மூன்றாவது, நான்காவது சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கெட் கருத்து, ஊதிப்போகிற நிலை. இரண்டு பிஸ்டன் மாற்றம், கேஸ்கெட், ஹெட்டை லேசாகச் சீவியது, கூலி எல்லாம் சேர்த்து 16,000. இந்த முறை சம்மாட்டி எதுவும் பேசாமல் ஆஃப்டர்கூலருக்குச் சரி என்றார். கூலரும் அதற்குத் தனிக் கடல்நீர் பம்ப்பும் 38,000. பாக் நீரிணை ஆழம் இல்லாத கடல், அடியில் சேறும் பாசியும் எப்போதும் கலங்கிக் கிடக்கும், சொறி (ஜெல்லி மீன்) கூட்டமாக வரும் காலத்தில் உறிஞ்சுவாய் அடைத்துவிடும். அதனால் கூலருக்கு முன்னால் பெரிய ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), அதைக் கையால் திறந்து கழுவுகிற மாதிரி மேலே வைத்தோம். கூலரில், அதற்குப் பதிலாகத் தான் அரிபடும் ஜிங்க் கட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் உப்பு முதலில் கூலரைத்தான் தின்னும்.

பம்ப்பை மறுபடி மதுரைக்கு அனுப்பி டீசலைக் குறைத்தது 6,000. டர்போவைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளி, மேலே தகரம், 3,500. மரப்படகில் சிவக்கச் சூடாகும் இரும்பை மூடாமல் விடவே முடியாது. எல்லாம் சேர்ந்து டர்போ பக்கம் செலவு ஒரு லட்சத்தைத் தொட்டுவிட்டது. மடி இழுக்கும்போது சூடு 640க்கு வந்தது. எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் ஒட்டி நிற்கிறது.

இப்போது இரண்டாவது படகு. இதற்கு என்ன செய்வது என்பதில் எனக்கே முதலில் தெளிவில்லை. காரில் என்றால் கேம், ஹெட் போர்ட்டிங், கம்ப்ரஷன் என்று நிறையச் சொல்வார்கள். (தனுஷ்கோடி ரோட்டில் ஓட்டுவதற்காக ஸ்விஃப்ட்டுக்கு டர்போ போடலாமா என்று கேட்டு வரும் பையன்களுக்கு நான் சொல்வது வேறு. பெட்ரோல் இன்ஜினில் டர்போ இல்லாமல் பணத்தைக் கொட்டினாலும் கொஞ்சம்தான் ஏறும், நாக்கிங் வராமல் டியூன் செய்து டர்போ போட்டால் ஒரேயடியாக ஏறும். ஆனால் அவர்கள் முழு பவரை எத்தனை நொடி கேட்கிறார்கள்? அந்த வித்தியாசம்தான் எல்லாம்.) டீசல் படகில் கேமில் கை வைக்கிற வேலையே இல்லை. காற்று எங்கே தடைபடுகிறது, பவர் எங்கே வீணாகிறது, இந்த இரண்டையும் மட்டும் தேடினேன்.

காற்று முதலில். இன்ஜின் அறைக்குள் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு ஓட்டினால் 54 டிகிரி. வெளியே 32. இன்ஜின் அந்த 54 டிகிரிக் காற்றைத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அதிலேயே ஏழு சதவீதம் காற்று போச்சு. 1,800 ஆர்பிஎம்மில் இந்த இன்ஜினுக்கு நிமிடத்துக்கு 5 கன மீட்டர் காற்று வேண்டும். அதற்கு 6 அங்குலக் குழாயை வீல்ஹவுஸ் பக்கத்திலிருந்து இறக்கி, வாயைப் பின்பக்கம் பார்த்து வளைத்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை போட்டு ஏர் கிளீனருக்கு இணைத்தோம். 4,000 ரூபாய். சைலென்சர் குழாயில் இருந்த இரண்டு கூர்மையான முழங்கையை எடுத்துவிட்டு அகலமான வளைவாகப் போட்டது 5,500. புகை கொஞ்சம் வெளுத்தது, 8 நாட் 8.1 ஆனது. அவ்வளவுதான். சம்மாட்டி சிரித்தார்.

அப்புறம்தான் படகின் இழுவையை அளக்கக் கயிறு கட்டிப் பார்த்தோம். குந்துகால் பக்கம் ஒரு தூணில் தடித்த கயிற்றைக் கட்டி, நடுவில் 2 டன் டிஜிட்டல் தொங்கு தராசை மாட்டி, மறுமுனையைப் படகின் பின்பக்கம் கட்டி முழு ஆக்சிலேட்டர் கொடுத்தோம். தராசு வாடகைக்குத்தான் எடுத்தது. 1,450 ஆர்பிஎம், 870 கிலோ, மேனிஃபோல்டில் 640 டிகிரி. அதாவது இன்ஜின் தன் 1,800ஐ எட்டவே இல்லை. ஓட்டத்திலும் 1,650க்கு மேல் ஏறவில்லை. 28 அங்குல பிட்ச் அதைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தது. வேகமாகப் போக வேண்டும் என்று எப்போதோ யாரோ பிட்ச் கூடுதலாக வாங்கி மாட்டியிருக்கிறார்கள். இன்ஜினில் இருந்த பவரையே யாரும் எடுக்கவில்லை. இதற்கு மேல் டர்போ வேறு.

புரொப்பல்லரில் விட்டத்தை ஒரு அங்குலம் கூட்டினால் பிட்ச்சை இரண்டு முதல் மூன்று அங்குலம் குறைக்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. மடி இழுக்கிற படகுக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் குறைவாகவும் இருப்பதுதான் நல்லது, மெதுவாக நிறையத் தண்ணீரைத் தள்ளும். எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்பதைப் படகின் அடிப்பலகைதான் முடிவு செய்யும். இலை நுனிக்கும் பலகைக்கும் நடுவில் விட்டத்தில் 15 சதவீதமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு இலையும் கடக்கும்போது பலகையைத் தட்டி அதிரும். நாங்கள் அளந்ததில் 34 அங்குலத்துக்கு 6½ அங்குலம் இருந்தது. 36க்குப் போனால் 5½, வேண்டியது 5.4. சரியாகப் பொருந்தியது. 36க்கு 23 பிட்ச் என்று முடிவு செய்து, பழையதைக் கொடுத்து மாற்றியதில் 32,000, ஷாஃப்ட் டேப்பரில் (கூம்பான முனையில்) உட்கார வைக்க லேத் கூலி 6,000. நீலச் சாயம் தடவி உட்கார வைத்து எடுத்துப் பார்த்தால் டேப்பர் முழுக்க ஒட்டியிருக்க வேண்டும், பாதிதான் ஒட்டினால் ஷாஃப்ட்டையும் புரொப்பல்லரையும் பூட்டும் சாவி மட்டுமே எல்லாவற்றையும் தாங்கி ஒரு நாள் வெட்டிக்கொள்ளும்.

மறுபடி அதே தூண், அதே கயிறு. 1,650 ஆர்பிஎம், 1,080 கிலோ, 530 டிகிரி. புகை கண்ணுக்குத் தெரியவில்லை. டர்போ படகை, கூலர் எல்லாம் போட்ட பிறகு, பழைய 34க்கு 28 புரொப்பல்லரோடு கட்டிப் பார்த்ததில் 1,010 கிலோதான் வந்தது, அதுவும் 640 டிகிரியில். ஒரு லட்சம் செலவழித்த படகைவிட 47,500 செலவழித்த படகு 70 கிலோ கூடுதலாக இழுத்தது. வெறும் ஓட்டத்தில் மட்டும் டர்போ முன்னே. டர்போ இல்லாதது 8.4, டர்போ படகு 8.8 நாட். டீசலில், மடி இழுக்கும்போது டர்போ இல்லாததற்கு மணிக்கு 15 லிட்டர் வாக்கில், டர்போ படகுக்கு 19. கரை திரும்பும் ஒரு மணி நேரத்தில் அந்த 0.4 நாட் எத்தனை நிமிடத்தை மிச்சப்படுத்தும் என்று சம்மாட்டியே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மூணு நிமிசத்துக்கா இம்புட்டும் என்று கேட்டார்.

டர்போ படகின் பராமரிப்புக் கதை தனி. நங்கூரம் போட்ட உடனே இன்ஜினை அணைத்துவிடும் பழக்கம் நம்ம டிரைவர்களுக்கு. டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றுவது, சூட்டோடு ஆயில் நின்றால் பேரிங்கில் ஆயில் கருகிக் கரியாகிவிடும். ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணை என்று எழுதி ஒட்டியும், டிரைவர் மாறும்போதெல்லாம் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்று உப்பு. சீசன் நடுவில் கம்ப்ரஸர் மூடியைத் திறந்தபோது சக்கரத்தின் இலைகளில் வெள்ளையாக உப்பு ஏறி, அலுமினிய மூடியின் உள்பக்கம் குழி குழியாக அரித்திருந்தது. இன்ஜின் அறை அடியில் தேங்கிய கடல்நீர் தெறித்து நுண்துளியாகி அதன் வழியாகத்தான் போகிறது. நல்ல தண்ணீரில் கழுவிப் பூட்டினோம். இந்தப் படகுக்கும் மேலிருந்து காற்றுக் குழாய் போட்டிருக்க வேண்டும். அது இப்போது போட்டாயிற்று.

மடி இழுக்கிற படகுக்கு, டர்போ இல்லாமல் வந்த இன்ஜினில் டர்போவை ஏற்றுவதை நான் இனி செய்யப் போவதில்லை. மடி இழுப்பதைவிட ஓடுவதையே அதிகம் செய்கிற, தூரக் கடலுக்குப் போகிற படகு என்றால் பேச்சு வேறு, அதுவும் தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வந்த இன்ஜினை வாங்கி இறக்கினால். இருக்கிற இன்ஜினில் பவர் வேண்டும் என்று வருகிறவர்களிடம் இப்போது முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: மடி போட்டு முழு ஆக்சிலேட்டரில் எத்தனை ஆர்பிஎம் ஏறுது? பாதிப் பேருக்கு அந்த மீட்டரே வேலை செய்வதில்லை.

டர்போ படகுக்கு அடுத்த தடைக்காலத்தில் அதே 36க்கு 23 புரொப்பல்லர் மாட்ட முன்பணம் கொடுத்தாயிற்று. டர்போவைக் கழற்றுவதா வைப்பதா என்பதை அதற்குப் பிறகு அதே தூணில் கயிறு கட்டி, மேனிஃபோல்டு சூடு 600க்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சம்மாட்டி இப்போதே அந்தத் தராசை விலைக்கு வாங்கித் தரச் சொல்கிறார், 8,000 ரூபாய் கேட்கிறார்கள்.